கடிக்காத பூட்ஸ்

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணிதான் எழுதுகிறேன். கடிதத்தைத் தனியாக அனுப்பினால் என் கையெழுத்தைப் பார்த்ததும் மூலையில் போட்டுவிடுவாய். அதனால்தான் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பெட்டி என்று ஒன்று வந்தால் உன்னால் திறக்காமல் இருக்க முடியாது, எனக்குத் தெரியாதா?

உள்ளே இருப்பது பூட்ஸ். ரப்பர், முழங்கால் வரைக்கும் வருவது. போன தடவை வந்தபோதே உன் பழையது வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மழை ஆரம்பித்துவிட்டது, நீ அந்த ஓட்டையோடுதான் குளத்தில் நிற்பாய். நமக்கு ஒரே அளவு கால் என்பதால் கடையில் யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. புதுச் செருப்பு எது போட்டாலும் உன் குதிகால் கொப்பளித்துப்போகும். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து உன் செருப்புகளை நான்தானே போட்டுப் பழக்கிக் கொடுக்கிறேன்? அதே மாதிரி இதையும் ஒரு வாரம் நானே மாட்டிக்கொண்டு அலைந்தேன். இனி கடிக்காது. நேற்றுக் கழுவினேன். உள்ளே துணி வைத்துத் தைத்திருப்பதால் இன்னும் முழுக்கக் காயவில்லை. உங்கள் ஆராய்ச்சி நிலையத்து ஜீப்காரர் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார், அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். வந்ததும் காயப் போடு.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நானும் மறக்கவில்லை. நான் என்ன கேட்டேன்? உன் குளத்திலிருந்து பத்து ஜோடித் தவளை. தவளைகளைக் கொல்கிற அந்தப் பூஞ்சை பக்கத்து மலைக்கு வந்துவிட்டது, உன் மலைக்கு ஏறுவதற்குள் கொஞ்சத்தையாவது எங்கள் மிருகக்காட்சி சாலையில் பத்திரமாக வைத்துவிடலாம் என்றேன். நீ என் தவளை அறையை ஜெயில் என்றாய். தட்டில் கை வைக்காமல் எழுந்து போனாய். எட்டு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

உன் அண்ணன் நேற்றுக் கேட்கிறார், "தோல் வியாதிதானே, ஏதாவது களிம்பு தடவக் கூடாதா?" என்று. "தவளை தோலாலதாங்க தண்ணியே குடிக்குது, பாதி மூச்சும் அதாலதான். அந்தத் தோல் தடிச்சுப்போனா நெஞ்சு நின்னுடும்" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கம்ப்ரஸர் போன மாதிரின்னு சொல்லு" என்றார். ஏ.சி. மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

போன் எடுக்காத காட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாய். ஜீப் திரும்பும்போது ஒரு வரி கொடுத்தனுப்பு. திட்டியாவது எழுது.

உன் அண்ணி

---

ஜூன் 6

அண்ணிக்கு வணக்கம்.

பெட்டி நேற்று வந்தது. நன்றி. அன்று மாலையே பூட்ஸைப் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கினேன். அளவு சரியாக இருக்கிறது. கடிக்கவில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் சிவப்புக் கண்ணர்கள் மரத்திலிருந்து இறங்கிவிட்டார்கள். நீங்கள் தவளைகளைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். பகலில் இவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். கைகாலை உள்ளே மடக்கிக்கொண்டு, இலையின் அடிப்பக்கம் இலையோடு இலையாக ஒட்டிக் கிடப்பார்கள். தெரியாமல் கை பட்டுவிட்டால் அந்தப் பச்சைக்குள்ளிருந்து இரண்டு சிவப்புக் கண்கள் திறக்கும். இத்தனை வருஷமாகியும் எனக்கு அப்போது திக்கென்றுதான் இருக்கிறது.

பெண் தவளை ஆணை முதுகில் சுமந்துகொண்டே குளத்துக்கு இறங்கும். வயிறு முட்டத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி அவ்வளவு உயரமும் ஏறி, குளத்துக்கு நேர் மேலே தொங்கும் இலையாகப் பார்த்து முட்டையிடும். அடுத்த இலைக்கு மறுபடி தண்ணீர் வேண்டும், மறுபடி இறங்கி ஏறும். ஆண் ஒரு வேலையும் செய்யாது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா?

முந்தாநாள் ஒரு முட்டைக் கொத்தைப் பாம்பு கடித்தது. கடித்த ஓரம் அதற்கு இரையாயிற்று. மற்ற முட்டைகளுக்குள் இருந்த குஞ்சுகள், இன்னும் நாள் ஆகாதவை, சடசடவென்று உறையைப் பிய்த்துக்கொண்டு குளத்தில் குதித்தன. பாம்பு வாயை எடுப்பதற்குள் இலை காலி. அதற்கு முந்தின நாள் மழை அதே இலையை இதைவிட முரட்டுத்தனமாக அடித்தது, ஒன்றுகூட அசையவில்லை. எது மழை, எது பாம்பு என்று முட்டைக்குள் இருந்தபடியே தெரிந்துகொள்கின்றன. தப்பாகப் பயந்துவிட்டால் அதற்கும் விலை உண்டு. நாளாவதற்குள் குதித்த குஞ்சைக் கீழே மீன் சுலபமாகத் தின்றுவிடும்.

இதையெல்லாம் உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே வைப்பீர்கள்? ஜோடி தருவதற்கில்லை. நிலையத்துக்கு வெளியிலிருந்து வருகிற யாரும் மருந்துத் தொட்டியில் காலை முக்காமல் குளத்துப் பக்கம் போக முடியாது. பூஞ்சைக்குக் கால் கிடையாது. யாராவது கொண்டுவந்தால்தான் வரும்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நாத்தனார்

---

ஜூன் 16

அடியே,

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே அந்தப் பூட்ஸைக் கழற்று. குளத்தில் நிற்கிறாய் என்றால் கரைக்கு வந்து, கழற்றி, தூரப் போட்டுவிட்டு அப்புறம் மேலே படி.

எங்கள் அறையில் பூஞ்சை வந்துவிட்டது.

விமான நிலையத்தில் கடத்தல்காரனிடம் பிடித்த தவளைகளை இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்களிடம் ஒப்படைத்தார்கள். அவற்றைப் பின்னால் இருக்கிற தனி அறையில்தான் வைத்தோம். அந்த அறைச் செருப்பு இந்த அறைக்கு வரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான். ஆனால் இரண்டு அறையையும் கழுவிவிடுகிற தண்ணீர் நடுவில் இருக்கிற நடைவழியில்தான் ஓடுகிறது. அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் என் பழைய ஆண் தவளை ஒன்று பட்டப்பகலில் வெட்டவெளியில் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மல்லாக்கப் போட்டேன். திரும்பவில்லை. பஞ்சுக் குச்சியால் தோலைத் தடவிச் சோதனைக்குக் கொடுத்தேன், இன்றைக்கு முடிவு வந்தது.

உன் பூட்ஸைப் பழக்குகிறேன் என்று நான் ஒரு வாரம் எங்கே நடந்தேன் தெரியுமா? அந்த நடைவழியில்தான். காலையில் போனதும் மாட்டிக்கொண்டு, ரப்பர் இளகட்டும் என்று ஈரத்திலேயே மேலும் கீழும் நடந்தேன். சட்டம் போட்ட நானே எப்படிச் செய்தேன்? எவ்வளவு யோசித்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. அதை நான் வேலைச் சாமானாகவே நினைக்கவில்லை. உனக்குக் கொடுக்கப் போகிற சாமான் என்று நினைத்தேன். வீட்டு விஷயம் என்று நினைத்தேன்.

நன்றாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிருமி செத்திருக்கும். நான்தான் ஈரத்தோடு பெட்டியில் போட்டேனே. பாவி, ஹாரன் சத்தத்துக்குப் பயந்து.

நீ தொட்டியில் முக்கிவிட்டுத்தான் இறங்கியிருப்பாய், இல்லையா? கடையிலிருந்து வந்த புதுசுதானே என்று விட்டிருப்பாயோ? முக்கினேன் என்று எழுது. தயவு செய்து எழுது.

அண்ணி

---

ஜூன் 23

ஜீப் திரும்பி வந்துவிட்டது. பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டதாம். என் கடிதம் டிரைவர் சட்டைப்பையில் மேலே போய், அதே பையில் கீழே வந்திருக்கிறது. அதோடு இதையும் சேர்த்து வைக்கிறேன்.

செக்போஸ்ட்டுக்குப் போன் போட்டேன். உங்கள் நிலையத்து வயர்லெஸ் இடி விழுந்ததிலிருந்து ஊமையாகக் கிடக்கிறதாம். "யாரையாவது நடந்து போகச் சொல்லுங்க, அவசரம்" என்றேன். "யாருக்காவது உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார். "இல்லை, பூட்ஸ் விஷயம்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. நான் அழ ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினார். தண்ணீர் வடிந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நானே கிளம்பி வந்திருப்பேன். அதற்கும் வழியில்லையே. என் கை, என் தலைமுடி, என் பை எல்லாமே அந்த அறையில் கிடந்தவை. நான் வருவதும் பூஞ்சை வருவதும் ஒன்றுதான். இந்தத் தாளைக்கூட அறைப் பக்கம் கொண்டுபோகவில்லை. குளித்துவிட்டு, புதுக் கட்டு பிரித்து, சமையல் மேடையில் வைத்து எழுதுகிறேன்.

உன் அண்ணன், "ஒரு ஜோடி பூட்ஸால ஒரு காடே அழிஞ்சிடுமா? நீ ரொம்பத்தான் பயப்படற" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அவருக்கும் பயம்தான்.

கண்ணை மூடினால் நீ அந்தப் பூட்ஸோடு குளத்தில் நிற்கிறாய். கடிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் மேலே காந்தம் வைத்து ஒட்டினேன். இப்போது அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

அண்ணி

---

ஜூலை 1

அண்ணி,

செக்போஸ்ட் ஆள் கயிற்றைப் பிடித்து ஆற்றைத் தாண்டி வந்தார். உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. உடனே திரும்ப வேண்டும் என்று நிற்கிறார். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

நான் அந்தப் பூட்ஸைப் போடவே இல்லை. போட்டுக்கொண்டு இறங்கினேன் என்று எழுதியது பொய். உங்கள் மேல் கோபம் இன்னும் இருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு ஜோடி பூட்ஸை அனுப்பிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்களா என்று தோன்றியது. திருப்பி அனுப்பினால் அண்ணன் வருத்தப்படுவார். அதனால் மரியாதைக்கு நாலு வரி எழுதினேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்த நிமிஷம் உங்களைவிடச் சந்தோஷமானவள் நான்தான். முடியவில்லை. பூட்ஸைப் பார்க்கப் பிடிக்காமல், பெட்டி பிரித்த அன்றே எங்கள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

கடைப் பெட்டியிலேயே வந்ததால் புதுசு என்று நினைத்துத் தொட்டியில் முக்கச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தையும் அன்றைக்குச் சரியாகப் படிக்கவில்லை. "ஒரு வாரம் அலைந்தேன்" என்ற இடத்தைத் தாண்டிப் போய், சாப்பாட்டு மேஜை வந்த இடத்தில் நின்றுவிட்டேன். நான் போட்டிருந்தால் ஒரு குளத்தோடு போயிருக்கும். அவர் இந்த மலை முழுக்கச் சுற்றுகிறவர். நான் வேலை செய்கிற குளம், மேலே இருக்கிற ஊற்று, அங்கிருந்து இறங்குகிற ஓடை, எல்லாவற்றிலும் இறங்கி ஏறியிருக்கிறார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் ரொம்பப் பெருமை அவருக்கு. தினமும் துடைத்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். வாங்கி எரிக்க வேண்டும் என்றதும், "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? திருப்பிக் கேக்கறீங்களே" என்றார். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

அண்ணி, நேற்றுப் பகலில் ஒரு தவளை திறந்த இலை மேல் உட்கார்ந்திருந்தது. கை கால் மடக்கவில்லை. நான் தொட்டேன். கண் திறந்தது, ஆனால் மெதுவாக. பாதியில் நின்றது. அப்போது உங்கள் கடிதம் வந்திருக்கவில்லை. வயசான தவளை என்று நினைத்து நோட்டில் அப்படியே எழுதியும் வைத்தேன். இன்று இன்னும் சிலவற்றைப் பார்த்தேன். பஞ்சுக் குச்சிகள் இதோடு வருகின்றன. முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் வேறு சொல்ல மாட்டீர்களா என்று இருக்கிறது.

உங்களால் எத்தனை வைத்துக்கொள்ள முடியும்? ஜெயில் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நேரமில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

---

ஜூலை 4

என் கண்ணே,

முடிவு வந்துவிட்டது. நீ நினைத்ததுதான். வேறு சொல்ல முடியவில்லை.

அழுதது போதும் என்று எழுந்து யோசித்தேன். கவனமாகப் படி. இந்த முறை எந்த வரியையும் தாண்டாதே.

பெரிய தவளைகளை இங்கே அனுப்பாதே. ஒவ்வொன்றுக்கும் தினமும் மருந்துக் குளியல் கொடுக்க வேண்டும். எங்கள் அறை முழுக்க இப்போது நோயாளிகள், இடமும் இல்லை ஆளும் இல்லை. மருந்து அனுப்பியிருக்கிறேன். பிடிக்க முடிந்தவற்றைப் பிடித்து, தனித்தனி டப்பாவில் வைத்து நீயே குளிப்பாட்டு. கலக்கும் விதத்தை மருந்துப் பெட்டி மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது முட்டைகள். உன் தவளைகள் அவ்வளவு உயரம் ஏறி இலையில் முட்டையிடுவது இன்றைக்கு உதவுகிறது பார். குளத்துத் தண்ணீரில் விழுகிற வரைக்கும் குஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. முட்டைக்குள் பூஞ்சை போகாது என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். தாயின் ஈரம் மேலே பட்டிருக்கும், அதனால் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடு. நூற்றுக்கு நூறு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேறு வழியும் இல்லை.

இலையோடு வெட்டு. வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி அதற்கு மேலே தொங்கவிடு. வழியில் ஆட்டம் தாங்காமல், பாம்பு என்று நினைத்துக் குதித்துவிட்டால் நல்ல தண்ணீரில்தான் விழும். குதிக்கிற வயசு வராத இளம் முட்டையாகப் பார்த்து எடு. உன் அண்ணன் ஜீப்புக்குள் பழைய மெஷின் ஸ்பிரிங்குகளில் ஒரு தொட்டில் கட்டியிருக்கிறார். அதில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துத் தெருவெல்லாம் ஓட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவருக்கு மரை கழன்றுவிட்டது என்று சந்தேகம்.

மிருகக்காட்சி சாலைக்கு அவை வரக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ள எங்கள் மேலதிகாரியும் தயங்கித் தயங்கிச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டில் உன் அறையைக் காலி செய்துவிட்டோம். தவளை வேலை எதுவும் நுழையாத அறை அது ஒன்றுதான். உன் கட்டிலும் புத்தகமும் மாடிக்குப் போய்விட்டன, கோபித்துக்கொள்ளாதே.

உடைந்த பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜீப் நிற்கும்.

அண்ணி

---

ஜூலை 10

அண்ணி,

வாளிகளை வாட்ச்மேன் தூக்கி வருகிறார். வெறுங்காலோடுதான் வருகிறார். குளிக்கவைத்து, வேறு துணி கொடுத்து, காலை மருந்துத் தொட்டியில் நிற்கவைத்துத்தான் அனுப்புகிறேன். சொன்னதை எல்லாம் செய்தார்.

நல்ல இலையாகப் பார்த்து வெட்டியிருக்கிறேன். ஒவ்வொரு இலையை வெட்டும்போதும் கத்தரிக்கோல் பட்ட அதிர்ச்சியில் குதித்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கொத்து நான் நினைத்ததைவிட வயசானது. வெட்டும்போதே அத்தனையும் கொட்டிவிட்டது, குளத்துக்குள். கை நீட்டிப் பிடிக்கப் பார்த்தேன். விரலிடுக்கில் போய்விட்டன.

நான் வரவில்லை. நீங்கள் வரச் சொல்வீர்கள் என்று தெரியும். என் உடம்பில் இந்தத் தண்ணீர் படாத இடமே இல்லை. டப்பாக்களில் இருப்பவற்றுக்குத் தினமும் குளியல் கொடுக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்? கொஞ்சம் தேறுகின்றன. மற்றவை காலையில் வந்து பார்க்கும்போது விறைத்துக் கிடக்கின்றன.

தொட்டில் கட்டிய அண்ணனுக்கு என் அன்பு.

உங்கள் நாத்தனார்

---

ஆகஸ்ட் 22

என் கண்ணே,

பாலம் போட்டுவிட்டார்களாம், இந்தக் கடிதம் ஒழுங்காக வந்துவிடும். முதலில் நல்ல செய்தி. வழியில் பாதிக் குஞ்சுகள் குதித்துவிட்டன, உன் அண்ணன் கண்ணெதிரிலேயே. எல்லாம் நல்ல தண்ணீரில் விழுந்தன. மற்றவை இங்கே வந்து நாளாகிப் பொரிந்தன. இரண்டு முறை சோதித்தோம், பூஞ்சை இல்லை. இப்போது கை கால் முளைத்து, வால் சுருங்க ஆரம்பித்திருக்கிறது.

இனி எழுதப் போவதை உன் அண்ணனிடம்கூட நான் சொல்லவில்லை. நான் அந்த அறைக்குள் போவதே இல்லை.

அன்றைக்கு வாளியை வாசலில் வாங்கினேன். அறைக் கதவு வரைக்கும் கொண்டுபோனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. கையைப் பார்த்தேன். கழுவிய கைதான். ஆனால் அந்த நடைவழியில் நடந்தபோதும் நான் கழுவிய காலோடுதானே நடந்தேன்? வாளியை உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர்தான் உள்ளே போகிறார். நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தண்ணிய மாத்துங்க, தீனிப் பொடியக் கொஞ்சமாப் போடுங்க" என்று கத்துகிறேன். "இடுப்புக்கு என்னதான் ஆச்சு உனக்கு?" என்று கேட்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

இது வரைக்கும் எப்படியோ ஓடியது. இனி அவரால் முடியாது. வால் சுருங்குகிற நேரத்தில் ஏறிக்கொள்ள இலை இல்லையென்றால் தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துவிடும். நேற்று இரண்டு அப்படிப் போய்விட்டன. எதை எப்போது தூக்கி வைப்பது என்று அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குச் சொல்லவும் வரவில்லை. பூஞ்சை ஒட்டியிருந்தாலும் அது கொல்வது இந்த நேரத்தில்தான். நான் உள்ளே போனால் என்னால் சாகும், போகாவிட்டாலும் என்னால்தான் சாகும். உன் குளத்தில் மிச்சம் என்று ஒன்று இருந்தால் அது இந்த அறைக்குள்தான் இருக்கிறது. நீ வந்துவிடு. வந்து உன் தவளைகளை நீயே பார்த்துக்கொள். என்னை நம்பாதே.

அண்ணி

---

ஆகஸ்ட் 25

அண்ணி,

ஜீப் காத்திருக்கிறது. நான் வர முடியாது. டப்பாக்களில் இன்னும் சில பிழைத்துக் கிடக்கின்றன. குளத்தில் நாள்கணக்காகத் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. ஓடையிலும் இல்லை. இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. பக்கத்து மலையிலிருந்து பூஞ்சை எப்படியும் வந்திருக்கும் என்று எங்கள் ஆபீஸில் சொல்கிறார்கள். இருக்கலாம். அதைச் சொல்லி உங்களைத் தேற்றப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, கடைசி வரைக்கும் தெரியப் போவதில்லை.

எனக்கும் இங்கே ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும் பயம்தான். இதே கைகளால்தான் பூட்ஸைத் தூக்கிக் கொடுத்தேன். வேறு கை கிடைக்காது, இருக்கிற கையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பதால் உங்கள் கை சுத்தமாகிவிடாது. உள்ளே இருப்பவை மூழ்கும், அவ்வளவுதான்.

முன்கால் வெளியே வந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். கண்ணாடியில் ஏறப் பார்ப்பதை விரலால் தொடாமல் இலையால் ஏந்தி எடுங்கள். வால் இருக்கிற வரைக்கும் தின்னாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். வால் போனதும் சின்ன ஈ வேண்டும். அண்ணனிடம் பழத்தோலை ஒரு பாட்டிலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், ஈ தானாக வரும்.

அந்த அறைக்கு நான் சொந்தக்காரி, நான் சொல்கிறேன். முழங்கை வரைக்கும் கழுவி, காயவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போங்கள். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் ஒன்றிரண்டுக்காவது வால் முழுக்கப் போயிருக்கும். பசிக்கும் அண்ணி, போங்கள்.

உங்கள் நாத்தனார்